அங்கீகரிக்கப்பட்ட குளியலறை

அக்காவின் முதுகில் ஒரு மச்சம் இருப்பது தம்பிக்குத் தெரியாது. பால் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது. தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகு.

சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அக்காவைத் தினமும் குளிப்பாட்டிவிடுவது அவர்தான். கை உதவிக்கு வந்தால் வாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வரமுடியுமா?

அக்கா டிரில் டீச்சராக இருந்தவள். மைதானத்தில் அவள் கை உயர்ந்தால் பள்ளிக்கூடமே கையை உயர்த்தும். இப்போது இரண்டு தோளும் இறுகிவிட்டன. கை நெஞ்சுக்கு மேலே போவதில்லை. செம்பில் மொண்டு தலைக்கு ஊற்ற முடியாது. ஊரோ குளிர் ஊர். பச்சைத் தண்ணீர் தோளில் படவே கூடாது, பட்டால் மிச்சமிருக்கும் அசைவும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மச்சத்தின் செய்தி வீடு வந்து சேர்ந்த அன்று அக்கா சாப்பிடவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்டா," என்றாள். "உள்ளே போகணும். தாழ்ப்பாள் போடணும். நானே குளிச்சிட்டு வரணும்."

தம்பி வீட்டின் முன்னறையிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணாடியைத் தேய்க்கும் மெஷின் நாள் முழுக்க ஓடும். பிறத்தியாருக்குப் பார்வை தெளியவைப்பது அவன் தொழில். அன்று அவனுக்கே ஒன்று தெளிந்தது. சுடுதண்ணீர் வரும் ஷவர் இருந்தால் அக்கா கையைத் தூக்கவே வேண்டாம். தண்ணீர் தானாகத் தலையில் விழும்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். தொட்டியில் தண்ணீரைத் தேக்கிச் சூடாக்குவது ஒன்று. ஓடுகிற தண்ணீரை அப்படியே சூடாக்கி ஷவரில் விடுவது மற்றொன்று.

"எது நல்லது?"

"ரெண்டாவது நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்குத் தடிச்ச ஒயர் வேணும். தனி லைன் வேணும். எர்த் இல்லாம மாட்டவே கூடாது."

"எது பாதுகாப்பு?"

கடைக்காரர் பெட்டியை மூடினார். "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க. அதுக்கு ஆபீஸ் இருக்கு."

ஆபீஸ் இருந்தது. வீட்டு மின்குளியல் பாதுகாப்பு அலுவலகம். யார் வீட்டில் மின்ஷவர் மாட்டினாலும் அதன் அங்கீகாரம் வேண்டும். மீறினால் வீட்டுக்கே மின்சாரம் நின்றுவிடும். வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். 'நமது அங்கீகாரம் பெற்ற குளியலறைகளில் இன்றுவரை விபத்து: இல்லை.' மற்ற எழுத்துகள் வெளுத்திருந்தன. 'இல்லை' மட்டும் பளபளவென்று தடித்திருந்தது. அடிக்கடி அதன்மேல் பெயின்ட் பூசுவார்கள் போலிருந்தது.

குளிக்கப் போகிறவர் முதலில் பயிற்சி வகுப்புக்கு வரவேண்டும் என்றார்கள். அக்காவை வாடகை வண்டியில் அழைத்துப் போனான்.

வகுப்பில் தண்ணீர் இல்லை. மின்சாரமும் இல்லை. பயிற்சி அதிகாரி ஒரு குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த பிடிதான் ஷவர் என்றார். பிறகு கோட்டைக் கழற்றாமல் அதன் கீழ் நின்று குளித்துக் காட்டினார். காதுக்குப் பின்னால் தேய்க்கவும் மறக்கவில்லை.

"ஈரக் கையால சுவிட்சைத் தொடாதீங்க. ஈரக் காலோட நிக்காதீங்க. ஈரமான இடத்துல மின்சாரத்தைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீங்க. இதைக் கடைப்பிடிச்சா நிம்மதியா குளிக்கலாம்."

பின்வரிசையில் ஒரு லாரி டிரைவர் எழுந்தார். "நனையாம எப்படிங்க குளிக்கிறது?"

"நல்ல கேள்வி," என்றார் அதிகாரி. "போன வகுப்புலயும் இதையேதான் கேட்டாங்க."

அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

கடைசியில் உறுதிமொழி. எல்லாரும் எழுந்து வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கவேண்டும். எல்லாக் கையும் எழுந்தது. அக்காவின் கை நெஞ்சுவரை வந்து நின்றது.

"அம்மா, கை."

"வராதுங்க."

"கையைத் தூக்காம எடுத்தா உறுதிமொழி செல்லாது."

"கை வராததாலதானே ஷவரே கேக்கறேன்?"

"அது சரிம்மா. கையைத் தூக்கிட்டு அதைச் சொல்லுங்க."

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தூக்கிய கைகள் வலிக்க ஆரம்பித்திருந்தன. "சீக்கிரம்மா," என்றார் யாரோ. தம்பி அக்காவின் முழங்கையைப் பிடித்தான். மெல்ல மேலே ஏற்றினான். ஈரவிறகு முறிவதைப்போல தோளுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மைதானக் குரலில் உறுதிமொழியை முழுவதும் சொன்னாள். மேலுதட்டில் வேர்வை நின்றது.

அதிகாரிக்குத் திருப்தி. "தம்பியோட கையும் மேலே இருந்ததால அவர் உறுதிமொழியும் சேர்ந்துடுச்சு. இனி ரெண்டு பேருமே குளிக்கலாம்."

வண்டியில் வரும்போது அக்கா தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஆபீசர் கையைத் தூக்கினப்போ முழங்கை மடங்கியே இருந்துதுடா. என் கிரவுண்டா இருந்தா ஒரு சுத்து ஓட விட்டிருப்பேன்."

அடுத்த வாரம் அங்கீகாரம் பெற்ற பிட்டர் வந்தார். வேலையில் சுத்தமானவர். தடித்த ஒயர், தனி லைன், தனி சுவிட்ச், எல்லாம் கோடு போட்டாற்போல அமைந்தன. எர்த்துக்கு வந்தபோது நின்றார். பழைய வீடு. எர்த் கிடையாது. பின்பக்கம் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். பின்பக்கம் முழுக்க சிமென்ட்.

"எர்த் கட்டாயம் வேணுமாங்க?" என்றான் தம்பி.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? எர்த் இல்லாம நான் மாட்டினதே இல்லை."

சொல்லிவிட்டு, குளியலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். பச்சை ஒயரை அதில் அழகாகச் சுற்றினார்.

"என்னங்க இது?"

"எர்த்."

"ஆணியாச்சே?"

"ஆணி எங்கே இருக்கு? சுவத்துல. சுவர் எதனால கட்டினது? செங்கல்லால. செங்கல் எதுல செஞ்சது?"

"மண்ணுல."

"அவ்வளவுதான். மண்ணுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சா இல்லையா?"

ஆணியையும் ஒயரையும் உள்ளடக்கி மூடியைப் பொருத்தினார். அதில் கம்பியைக் கோத்து ஈய முத்திரையை அழுத்தினார். "இனிமே இதைத் திறக்கறது குற்றம். நானே திறந்தாலும் குற்றம்தான்."

அன்று மாலை அக்கா தோளில் துண்டும் கையில் சோப்புமாகக் குளியலறை வாசலில் நின்றாள். முகம் கழுவி, பள்ளிக்குக் கிளம்புகிறவளைப்போல இருந்தாள்.

"நான் முதல்ல பார்த்துடறேன்க்கா," என்று தம்பி உள்ளே போனான்.

சுவிட்சைப் போட்டான். தண்ணீர் வந்தது. சூடு ஏறியது. ஆவி அவன் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. கை நீட்டிக் குழாயைத் தொட்டான். விரலில் எறும்பு ஊர்ந்தாற்போல இருந்தது. இன்னொரு தடவை தொட்டான். எறும்பு முழங்கைவரை ஓடியது. கடையிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்து குழாயில் வைத்தான். சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னடா? சுடலையா?"

"சுடுதுக்கா."

"அப்புறம்?"

"குழாய்ல கரண்ட் வருது. இன்னைக்கு வேண்டாம்."

அக்கா சோப்பைத் திரும்பவும் டப்பாவில் வைத்து மூடினாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். "என்ன டீச்சர், புது ஷவராமே! இன்னும் இந்தப் பழைய ஷவர்தான் வரணுமா?" என்று செம்பை எடுத்தார். குரல் அடுத்த வீட்டு மாடிவரை போனது.

தம்பி புகார் கொடுத்தான். மேலதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். முதலில் உள்ளே நுழைந்தவர் மெயின் அணைப்பாளர். அது ஒரு பதவி. அவர் நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். விசில் ஊதினார். சுவிட்ச் போர்டுக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடையில் மெஷின் ஓய்ந்தது. வீடு இருண்டது.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, தலைக்கவசம். டார்ச் வெளிச்சத்தில் குளியலறைக்குள் போனார். கையுறையைக் கழற்றி, துணிந்து, வெறுங்கையால் குழாயைப் பிடித்தார்.

"ஜில்லுன்னு இருக்கு. மின்சாரம் தென்படவில்லை," என்று உரக்கச் சொன்னார்.

"சார், மெயினைப் போட்டுட்டுத் தொட்டுப் பாருங்க."

கிணற்றில் குதிக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோல இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். "கரண்ட் இருக்கறப்போ தொடறதா? எங்களுக்கும் குடும்பம் குட்டி இருக்குங்க."

"என் அக்கா தொடுவாங்களே?"

"அவங்க பயிற்சி எடுத்தவங்க. நாங்க எடுக்கலையே."

"டெஸ்டர் எரியுது சார்."

"எங்கே, வெச்சுக் காட்டுங்க."

வைத்தான். எரியவில்லை.

"பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டரின் குரலில் இரக்கம் இருந்தது. "சில பேருக்கு நரம்புத் தளர்ச்சியிலே இப்படி ஊர்ற மாதிரி இருக்கும். நல்ல டாக்டராப் பாருங்க."

மெயின் அணைப்பாளர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இவங்ககூட போய்க்கிட்டு இருக்கேன். ஒரு குளியலறையிலயாவது கரண்டைப் பார்த்திருப்பேனா? கிடையாது."

போய்விட்டார்கள். மெயினைத் தம்பியே போட்டுக்கொண்டான். அணைப்பதற்குத்தான் ஆள் உண்டு. போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

வெளியில் வேறு எலெக்ட்ரீஷியன்களைக் கேட்டுப் பார்த்தான். "குழி தோண்டி எர்த் குடுக்கறது அரை நாள் வேலைங்க. ஆனா சீல் போட்டதையா? கையை வெச்சா என் லைசென்ஸ் போயிடும்," என்றார்கள். ஒருநாள் அவனே குறடு எடுத்துக்கொண்டு போனான். அக்கா குறுக்கே நின்றாள்.

"சீலை உடைச்சா லைனைப் புடுங்குவான். மெஷின் நிக்கும். அப்புறம் குளிச்சு என்னடா பண்றது, பட்டினியா உக்காரவா?"

தலைமைப் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போனான். அவர் அறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே புத்தம்புது ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பியூன் பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்ற, அதிகாரி கை கழுவினார்.

"அது மாதிரிக்கு வெச்சது," என்றார், அவன் பார்வையைப் பார்த்து. "உக்காருங்க. ஆபீஸ் வாசல்ல பலகை பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். விபத்து இல்லைன்னு போட்டிருக்கு."

"வேற எந்த ஊர்லயும் இந்தச் சாதனை இல்லை."

"பின் தெருவுல ஒரு தையல்காரர் குளிக்கும்போது கரண்ட் அடிச்சுப் போனாரே சார்?"

"அது அங்கீகாரம் இல்லாத குளியலறை."

"அவர் வீட்டுல உங்க அங்கீகாரப் பலகை இருந்துது. அவருக்குக் கண்ணாடி கொடுக்கப் போனப்ப நானே பார்த்தேன்."

"விபத்துக்கு அப்புறம் பார்த்தீங்களா?"

"இல்லை."

"கழட்டிட்டோம். ஒரு குளியலறையில விபத்து நடந்தா, அதுக்கு முந்தின நாளோட அங்கீகாரம் தானா ரத்தாயிடும். விதி அப்படி. அதனால அங்கீகாரம் உள்ள குளியலறையில விபத்து நடக்க வழியே இல்லை." மகள் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்கு என் அக்காவுக்கு ஏதாவது ஆனா?"

"வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நாளைக்கு ஆகும்னா உங்க அங்கீகாரம் இன்னைக்கே ரத்தாயிருக்கும்."

 தம்பி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். அதிகாரி அப்படியேதான் தெரிந்தார்.

"சார், எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்த மூடியைத் திறந்து எர்த்தை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. எங்க அக்கா தனியா குளிக்கணும். அவ்வளவுதான்."

"தனியாவா?" அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். முதல் தடவையாக அக்கறை வந்தது. "உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா?"

"ஆமா சார்."

"அதான் சங்கதி. தையல்காரர் விஷயத்துல என்ன ஆச்சு தெரியுமா? உள்ளே தாழ்ப்பாள். கதவை உடைக்கவேண்டியதாப் போச்சு. நல்ல தேக்குக் கதவு. தப்பு எங்கேன்னு குழு போட்டு ஆராய்ஞ்சோம். தப்பு தாழ்ப்பாள்ல இருக்கு."

"எங்க அக்காவுக்கு வேண்டியதே அந்தத் தாழ்ப்பாள்தான் சார்!"

"பாருங்க, ஆபத்தை வேணும்னே கேக்கறாங்க. நல்லவேளை நீங்க வந்து சொன்னீங்க. இனி நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். மறுநாளே ஓர் ஆள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். ஷவரின் பக்கம் திரும்பவே இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கதவின் உள்பக்கம், தாழ்ப்பாள் இருந்த அதே துளைகளில், ஒரு பித்தளைப் பலகையை முடுக்கினான். 'பாதுகாப்பான குளியலறை.'

"இதை ஏன் உள்ளே மாட்டறீங்க?" என்றான் தம்பி.

"குளிக்கறவங்கதானே தெம்பா இருக்கணும்? துளையும் ரெடியா இருக்கு. வேற தாழ்ப்பாள் கீழ்ப்பாள் போட்டுடாதீங்க, லைன் கட்டாயிடும்."

அக்கா சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் போனதும் சொன்னாள்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா. இந்த அழகுல கண்ணாடிக் கடை வேற."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டுவதையும் விட்டுவிட்டார். "தாழ்ப்பாள்தான் இல்லையே டீச்சர், யாருக்காகத் தட்டறது?" என்று ஒருநாள் தன் மருமகளையும் கூட அழைத்துவந்தார். ஒத்தாசைக்கு என்றார். அன்று அக்கா தலையைக்கூடத் துவட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். நாள் முழுக்க முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துவட்டிவிட அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை, அந்த அம்மாள் வருவதற்கு முன்பே அக்கா துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"மெயினை அணைடா."

"எதுக்குக்கா?"

"கரண்ட் இருந்தாத்தானே ஊரும்? அணை. வந்து கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காரு."

"பச்சைத் தண்ணிக்கா. டாக்டர் என்ன சொன்னார்? தோள் ஒரேயடியாப் போயிடும்."

"இதுக்கு மேல எங்கே போகப்போகுது? கை போறதுன்னா போகட்டும். என் மானமும் சேர்ந்து போகமுடியாது."

மெயினை அணைத்தான். மெஷின் நின்றது. அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அவன் தரையில் உட்கார்ந்து முதுகைக் கதவில் அழுத்தினான்.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

"எந்திரிச்சிடாதே."

ஷவர் திறந்தது. முதல் தண்ணீர் விழுந்ததும் உள்ளே மூச்சு அறுபட்டது. பிறகு பல் தந்தியடிக்கும் சத்தம். 'போதும்க்கா' என்று சொல்ல வாயெடுத்தான். உள்ளே இருமலுக்கு நடுவே அவள் ஏதோ முணுமுணுத்தாள். லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட். காலை மாற்றி மாற்றி வைத்து மிதிப்பது தரையில் கேட்டது. 

வாசலில் செருப்புச் சத்தம். கடை வழியாகவே உள்ளே வந்துவிட்டார்கள். தலைமை அதிகாரி, இன்ஸ்பெக்டர், மெயின் அணைப்பாளர், பலகையைப் படமெடுக்க ஒரு போட்டோக்காரர். முன்னால் பக்கத்து வீட்டு அம்மாள் வழிகாட்டிக்கொண்டு வந்தார்.

மெயின் அணைப்பாளர் வழக்கம்போல நேரே போர்டுக்குப் போனார். அணைக்கக் கை நீட்டினார். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. கை அந்தரத்தில் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை மட்டும் ஊதினார்.

தலைமை அதிகாரி காதைத் தீட்டினார். "தண்ணி விழுதே?"

"அக்கா குளிக்கறாங்க," என்றான் தம்பி, உட்கார்ந்தபடியே.

"மெயின் அணைஞ்சிருக்கா?"

"அணைஞ்சிருக்கு."

அதிகாரியின் கண் கலங்கியது. இன்ஸ்பெக்டரின் தோளைப் பற்றிக்கொண்டார். "இதுக்குத்தான்யா இத்தனை வருஷம் பாடுபட்டோம். எலெக்ட்ரிக் ஷவர் இருக்கு. குளிக்கறாங்க. கரண்ட் இல்லை. முழுப் பாதுகாப்புன்னா இதுதான்! இந்த வருஷத்து விருது இந்த வீட்டுக்குத்தான். நல்லதாப் போச்சு, குளிக்கும்போதே வந்தோம். போட்டோ எடுங்க."

"பலகை எங்கே சார்?" என்றார் போட்டோக்காரர்.

"கதவுக்கு உள்பக்கம். தம்பி, கொஞ்சம் நகருங்க. கதவைத் திறந்து பலகையை மட்டும் எடுத்துக்கறோம்."

தம்பி நகரவில்லை.

"விதிப்படி இந்தக் கதவு எப்பவும் திறக்கிற மாதிரி இருக்கணுங்க."

"டீச்சருக்கு வெக்கமா?" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். "நான் பார்க்காததா?"

இன்ஸ்பெக்டர் குனிந்து அவன் தலைக்கு மேலாகக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். மெல்ல இழுத்தார்.

"அசையாதே!"

உள்ளேயிருந்து வந்தது. மைதானத்தின் மறுகோடிவரை போகும் பழைய குரல். இன்ஸ்பெக்டரின் கை தானாகக் கதவிலிருந்து இறங்கியது. மெயின் அணைப்பாளரின் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. தலைமை அதிகாரிகூடத் தொந்தியை உள்ளிழுத்து நேராக நின்றார். பக்கத்து வீட்டு அம்மாள் வாயை மூடினார்.  தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அப்போது கதவுப் பலகை வழியாகத் தம்பியின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு ஊர்வதைப்போலவே இருந்தது. மின்சாரம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவும் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் காலை இன்னும் நன்றாகத் தரையில் ஊன்றிக்கொண்டான்.